பால் நிறுத்திய வீடு

"ஏட்டி, இதுல சோப்புத் தண்ணி வல்லதும் விழுந்திச்சா?"

பூதலிங்கம் டம்ளரை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளே வெளுப்பும் மஞ்சளுமாக ஏதோ ஒன்று திட்டுத் திட்டாக மிதந்துகொண்டிருந்தது.

"சோயா பால் சாயா. கண்ண மூடிட்டுக் குடிங்க" என்றாள் கௌசல்யா.

"கண்ண மூடலாம். மூக்க என்ன செய்ய?"

கௌசல்யா டம்ளரை அவர் வாய்ப்பக்கம் தள்ளினாள். இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் தோலுரித்து, மிக்சியில் அரைத்து, அவருடைய புது வேட்டியின் ஓரத்தைக் கிழித்து வடிகட்டிய பால் அது. வேட்டி விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. தெரிகிறபோது தெரிந்துகொள்ளட்டும்.

எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் ஆரம்பித்தது. பூதலிங்கத்துக்கு ஆரியசாலையில் ஒரு ஜவுளி மொத்தக்கடையில் வேலை. ஓணச் சரக்கு வந்து இறங்குகிற நேரம். அதனால் ரத்தம் பரிசோதித்த முடிவைக் கேட்டுவர கௌசல்யா தனியாகத்தான் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பிளட்டில் நல்ல கூடுதலாணல்லோ. ஆளு சாய குடிக்குமோ?"

"ஒரு நாளைக்கு எட்டு பால் சாயா, டாக்டர்."

"எட்டோ! இனி எல்லாம் வித்தவுட் மதி, கேட்டோ. ஒரு மாசம் கழிஞ்ஞு நோக்காம். குறைஞ்ஞில்லெங்கில் அட்மிட் ஆகேண்டி வரும்."

காகிதத்தை ஃபைலில் செருகிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கௌசல்யா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த மலையாளச் சீமைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். வெண்டைக்காய்க்காரியோடு சண்டை போட்டு ஜெயிக்கிற அளவுக்கு மலையாளம் உண்டு. எட்டாம் வகுப்பு வரை படித்த இங்கிலீஷும் உண்டு. மதி என்றால் போதும், வித்தவுட் என்றால் இல்லாமல். டாக்டர் இங்கிலீஷில் சொன்னதுகூடத் தனக்குப் புரிந்துவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். கூடுதலாக இருப்பது எது என்று கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. அவருடைய தொப்பையைப் பார்த்த யாருக்கும் அது கொழுப்பு என்று தெரியும்.

"டாக்டர் பால அடியோட நிறுத்தச் சொல்லிட்டாரு" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

பூதலிங்கம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்போ கட்டன் சாயாவா? எனக்கு அது குடிச்சா வயிறு எரியுமே!"

"அதுக்கு வழி இருக்கு" என்று வாரப் பத்திரிகையில் வெட்டிவைத்திருந்த ஒரு துண்டை எடுத்தாள். மாட்டுப்பாலுக்குப் பதிலாகத் தாவரப் பால். சோயா, தேங்காய், வேர்க்கடலை. மூன்றுக்கும் செய்முறை, படத்தோடு.

ஒரு மாதத்தில் ரத்தம் சரியாகியே ஆகவேண்டும். காரணம் மகள் கலைச்செல்வி. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் அவளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணைப் பெற்றவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் யார் தாம்பூலம் மாற்றுவது?

சோயாவின் பச்சை வாடை போக கௌசல்யா ஏலக்காய் தட்டிப் போட்டாள். வாடை ஏலக்காயையும் சேர்த்துக்கொண்டு எழுந்தது. வழக்கமான ஒன்றரைக் கரண்டி சீனியை மூன்றாக்கினாள். பூதலிங்கம் பாதி டம்ளர் வரை வந்தார்.

அதற்குள் வாசலில் பால்காரி தாசம்மாள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்க்கா, எம் பசு உங்களுக்கு என்ன கேடு செஞ்சுது? திடீர்னு பாலு வேண்டான்னா?"

"உன் பசு தங்கமான பசு, தாசம்மா. அவுகளுக்குத்தான் உடம்புக்கு ஆகாதாம்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தாசம்மாள் பாலை அளந்து ஊற்றுவாள், செய்தியை அளக்கமாட்டாள். மூன்றாம் நாள் நாகர்கோவிலிலிருந்து சம்பந்தி சரோஜம் போன் செய்தாள்.

"மயினி, அண்ணனுக்குப் பெரிய தீனமின்னு கேள்விப்பட்டேன். பால்கூட இறங்கலியாமே? நிச்சயத்த வேணும்னா கொஞ்சம் தள்ளி வச்சிருவமா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல மயினி! அடுத்த மாசம் ரத்தம் பாத்த சீட்டயே கையோட கொண்டுவந்து காட்டுதேன்!"

போனை வைத்ததும் கௌசல்யா நேரே அடுக்களைக்குப் போனாள். சோயா இனி சரிப்படாது என்று அன்றைக்கே தேங்காயை உடைத்தாள்.

தேங்காய்ப்பால் சாயாவில் கருப்பட்டியும் இரண்டு துண்டு போட்டுக் கொடுத்தாள். பூதலிங்கம் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். முகம் மலர்ந்தது.

"ஏட்டி, இது சாயாவா, பிரதமன் பாயசமா?"

"நல்லாருக்கா?"

"ஒரு பப்படம் இருந்தா நொறுக்கிப் போட்டு அடிக்கலாம். இன்னொரு டம்ளர் கொண்டா."

நான்கு நாட்கள் வீட்டில் நிம்மதி இருந்தது. ஐந்தாம் நாள் கல்லூரியிலிருந்து வந்த கலைச்செல்வி அடுக்களையில் எட்டிப் பார்த்தாள்.

"அம்மே, என்ன இது? தேங்காயில முழுக்கக் கொழுப்பல்லே? அப்பாவக் கொல்லப் போறியா?"

கௌசல்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேங்காயை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாலைக்கடைக்கு ஆளனுப்பி வேர்க்கடலை வாங்கினாள். வேர்க்கடலைப் பால் பார்வைக்கு அசல் பால் மாதிரியே இருந்தது. சாயாவில் ஊற்றினால்தான் எண்ணெய் தனியாக மிதந்தது.

"தலைக்குத் தேய்க்கவா, குடிக்கவா?" என்று கேட்டார் பூதலிங்கம்.

சீனி நான்கு கரண்டியானது.

கடைசியில் கௌசல்யா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். சோயா ஒரு பங்கு, கடலை ஒரு பங்கு, மணத்துக்குத் தேங்காய்ப்பால் ஒரே ஒரு கரண்டி. சீனி நான்கு, கருப்பட்டி ஒரு துண்டு. இது பூதலிங்கத்துக்குப் பிடித்துப்போய்விட்டது. எட்டு சாயா பத்தாகியது. கடைக்கும் ஃபிளாஸ்கில் கொண்டுபோனார். பக்கத்து வீட்டு லீலாபாய் வந்து செய்முறை எழுதி வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரே ஒரு குறை. மனுஷர் கடையிலிருந்து வந்ததும் சோர்ந்து சோர்ந்து படுத்தார்.

"பால் விட்ட தளர்ச்சி" என்றாள் கௌசல்யா. தெம்புக்காக இன்னும் அரைக் கரண்டி சீனி சேர்த்தாள்.

முப்பது நாள். அவள் அந்த வீட்டில் ஒரு சொட்டுப் பாலை நுழைய விடவில்லை. பக்கத்துக் கோயிலில் கொடுத்த பால் பாயசத்தைக்கூட வாசலிலேயே வாங்கி லீலாபாய் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது.

முப்பத்தோராம் நாள் இருவருமாக டாக்டரிடம் போனார்கள். கௌசல்யா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு அப்படியே நாகர்கோவில் பஸ் ஏறுவதாக ஏற்பாடு.

டாக்டர் புதுக் காகிதத்தைப் பார்த்தார். பழைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது இரட்டியாயல்லோ! ஞான் பறஞ்ஞது ஒன்னும் செய்தில்லே?"

கௌசல்யாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு மாதம் அரைத்த கை, ஒரு மாதம் வடிகட்டிய கை.

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? நீங்க வித்தவுட்னு சொன்னீங்கல்ல? அன்னையிலிருந்து இன்னிக்கு வரைக்கும் வித்தவுட்தான்! ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு சேத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்!"

பூதலிங்கம் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். "வித்தவுட்டா? டாக்டர் அந்த வார்த்தையா சொன்னாரு? ஏட்டி, நீ எங்கிட்ட என்ன சொன்ன..."

"நீங்க சும்மா இருங்க!"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கபாண்டி வந்தான். டாக்டர் வீட்டுக்கு எதிரில் சாயாக்கடை வைத்திருக்கிற தென்காசிக்காரன். ஒரு கண்ணாடி கிளாஸை மேஜைமேல் வைத்தான்.

"டாக்டருக்கு ஒரு வித்தவுட்."

கௌசல்யா கிளாஸை உற்றுப் பார்த்தாள். கெட்டியான பசும்பால் ஊற்றி, நுரை பொங்க ஆற்றிய சாயா. அவளுக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"பாத்தீங்களா, டாக்டர்! உங்களையே ஏமாத்துதான்! வித்தவுட்னு சொல்லிட்டு இம்புட்டுப் பால ஊத்திக் கொண்டாந்து வச்சிருக்கான்!"

தங்கபாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அக்கா ஊருக்குப் புதுசா? இங்க வித்தவுட்டுன்னா பாலெல்லாம் எப்பவும் போலத்தான், சீனிதான் போடப்படாது."