பேர்னாட் பிடித்த ஐம்பதாவது பீக்கன்

பெரியகல்லாற்றுப் பேர்னாட் ஒரு முடிவெடுத்தால் அது இரண்டு இடங்களில் நிறைவேறாமல் போகும். ஒன்று வீட்டுக்குள்ளே. மற்றது வீட்டுக்கு வெளியே. இருந்தாலும் மனிதர் விடுவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி சவரம் செய்த முகத்தோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார்.

"இந்த மாசம் முடிய முன்னம் அம்பது!"

ஐம்பது என்றால் வயதில்லை. வயது அந்தப் பக்கம் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. இது ஐம்பது பீக்கன். விமானங்களுக்குத் திசை காட்டுவதற்காக அங்கங்கே நிலத்தில் நட்டு வைத்திருக்கிற சின்ன வானொலி நிலையம்தான் பீக்கன். அதில் பாட்டு வராது, செய்தி வராது, மரண அறிவித்தல்கூட வராது. தன் பெயரின் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளை மோர்ஸ் ஒலியில், டா டி டா என்று, இருபத்து நான்கு மணித்தியாலமும் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைத் தேடிப் பிடித்துக் காதில் வைத்து அனுபவிக்கிறவர்கள் உலகத்தில் சில நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நமது பேர்னாட்.

"தன்ட பேரையே நாள் முழுக்கச் சொல்றதக் கேக்கிறதுக்கு ஒரு றேடியோப் பெட்டி வேணுமா? ஒங்கட பெரியண்ணனக் கூப்பிட்டு இருத்தினாக் காணாதா?" என்பது அவருடைய மனைவி செசீலியாவின் கருத்து.

அப்படிச் சொன்னாலும், அவர் மோர்ஸ் படித்த காலத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவள் அவள்தான். அவருக்குப் படிக்க ஆறு மாதம் எடுத்தது. அவள் எப்போது படித்து முடித்தாள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஒரு பீக்கனைக் கேட்டால் மட்டும் போதாது. அந்த நிலையத்துக்கு எழுதி, 'ஓம், நீர் கேட்டது எங்களைத்தான்' என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். பேர்னாட்டிடம் நாற்பத்தொன்பது கடிதங்கள் இருந்தன. மூன்று வருடமாகத் தேடியும் அந்தமான் பீக்கன் மட்டும் அகப்படவில்லை. ஐம்பது சேர்ந்தால் பின்லாந்திலிருக்கும் பீக்கன் கேட்போர் சங்கத் தலைவர் சான்றிதழ் அனுப்புவார். அதைச் சட்டம் போட்டு மாட்டச் சுவரில் ஆணிகூட அடித்தாகிவிட்டது.

நடுவில் நின்றது ஒரு தையல் மிஷின். அதன் மோட்டர் ஓடினால் றேடியோவில் இரைச்சல்தான்; முந்தின நாள் சனிக்கிழமை மாலையும் ஓடியது.

"செசீலியா, அத நிப்பாட்டன் புள்ள! காதுக்குள்ள இடி விழுது!"

"அடுத்த ஞாயிறு கோயில்ல முதல் நன்மை. ஏழு பொம்புளப் புள்ளைகளுக்கு வெள்ளச் சட்ட தைக்கணும். நிப்பாட்டிப்போட்டுப் புள்ளைகள வாழ இலையில சுத்தியா கோயிலுக்கு அனுப்புற?"

"வேற நேரத்தில தையன்."

"வேற நேரம் எங்க கிடக்கு? விடிஞ்சா நேசறியில படிப்பிக்கணும். பகல் சமையல். இருட்டினா ஊசிர கண்ணும் என்ட கண்ணும் ஒண்டை ஒண்டு பாக்காது. எனக்குக் கிடக்கிறது அஞ்சில இருந்து ஏழு."

"எனக்கும் அதுதானே! பொழுது விழக்குள்ளதான் தூரத்துப் பீக்கன் கடலத் தாண்டி வரும்."

"வரட்டும். வந்தா இருக்கச் சொல்லித் தேத்தண்ணி குடுங்க. சட்ட முடியப் பாப்பம்."

பேச்சு அதோடு முடிந்தது. பேர்னாட் காரியத்தில் இறங்கினார்.

சத்தியம் செய்த ஞாயிறு பூசைக்குப் போகாமல் முழங்கால் நோ என்று வீட்டில் நின்றார். முப்பது வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவர் அல்லவா? செசீலியா தெருவைத் தாண்டியதும் மிஷின் மோட்டரைக் கழற்றி, உள்ளே கிடந்த இரண்டு காபனையும் எடுத்தார். காபன் என்பது விரல் நுனி அளவு கரித்துண்டு. அது இல்லாவிட்டால் மோட்டர் அசையாது.

எடுத்தாயிற்று. எங்கே ஒளிப்பது? அரிசிப் பானை அவளுடையது. அலுமாரி அவளுடையது. அவருடைய மேசை லாச்சி அதைவிட அவளுடையது. அண்ணாந்து பார்த்தார். சுவர்த் தட்டில் அந்தோனியார் சுரூபம். பின்னால் தாராளமாக இடம். தொலைந்த பொருளைத் தேடித் தரச்சொல்லிக் கத்தோலிக்க உலகமே யாரிடம் மன்றாடுகிறதோ, அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே கொண்டுபோய் வைத்தார். அவசரத்தில் மனிதனுக்கு வேதம் நினைவு வருவதில்லை.

அன்று மாலை மிஷின் ஓடவில்லை.

"மோட்டர் எரிஞ்சிட்டு புள்ள. மணக்குது பாத்தியா?"

"எனக்கு ஒண்டும் மணக்கல்லயே."

"எலக்ட்ரீசியன்ட மூக்குக்குத்தான் மணக்கும். வாற கிழம காத்தான்குடிக்குத் திருத்தக் கொண்டு போவம்."

செசீலியா அவரை ஒருமுறை பார்த்தாள். தேவைக்கு இரண்டு விநாடி கூடுதலாகவே பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக்கொண்டு மிஷின் இருந்த பின்அறைக்குப் போய்விட்டாள். பேசாததை வெற்றி என்று பேர்னாட் எடுத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவர் அப்படி எடுத்திருக்கக் கூடாது.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு ஹெட்போனை மாட்டினார். ஐந்து ஐந்துக்கு வந்தது பாருங்கள், கணீரென்று! டா டி டா. டா டி டி டி. டா டி. கே, பீ, என். திரும்பவும் கே, பீ, என். குரல் கொஞ்சம் கரகரத்தது. கடல் கடந்து வருகிறதல்லவா, தொண்டை கட்டியிருக்கும் என்று மனதார மன்னித்தார். பட்டியலைப் புரட்டினார். அப்படி ஒரு பீக்கன் உலகத்திலேயே இல்லை. இவ்வளவு காலமும் மற்றவர்கள் கண்டுபிடித்ததைத்தான் கேட்டார். இது அவரே கண்டுபிடித்தது!

ஒலியைப் பதிவு செய்து பின்லாந்துக்கு அனுப்பினார். சங்கமே எழுந்து நின்றது. தலைவர் உடனே பதில் போட்டார்: வீட்டில் இருக்க வேண்டாம். கையில் ஒரு சின்ன றேடியோவை எடுத்துக்கொண்டு பல இடங்களுக்குப் போய்த் திசை பாரும். நிலையத்தைக் கண்டுபிடித்துக் கடிதம் வாங்கும்.

செவ்வாயிலிருந்து பேர்னாட்டுக்குச் சைக்கிள்தான் வீடு. ஐந்து மணிக்கு ஹெட்போனில் கே பீ என் கேட்கும். ஐந்து பத்துக்கு றேடியோவோடு பாய்வார். செவ்வாய் கடற்கரை. புதன் வாவிக்கரை. றேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரைச்சல்தான்.

வாவியில் வலை வைத்துக்கொண்டிருந்த அழகரத்தினம் தோணியில் இருந்தபடியே கேட்டார். "என்ன பேர்னாட், மீன் பாடுதா?"

"இது வேற சாமான். ஒங்களுக்கு விளங்கா."

"ஒங்களுக்கு விளங்குதா?"

பேர்னாட் அடுத்த கரைக்குச் சைக்கிளை மிதித்தார். ஏழு மணிக்குக் களைத்து விழுந்து வீட்டுக்கு வந்தால், செசீலியா என்றுமில்லாத அன்போடு தேத்தண்ணி கொடுத்தாள். "இண்டைக்கும் அம்புடல்லயா? விடாதங்க. நாளைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பாருங்க," என்றாள். கடைசியில் தன் அருமை இவளுக்கு விளங்கிவிட்டதே என்று பேர்னாட் நெகிழ்ந்துபோனார்.

வெள்ளிக்கிழமை பாலத்தில் நின்று சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காத்தான்குடியில் தையல் மிஷின் திருத்தும் நௌஷாட்.

"என்ன அண்ணன், சிக்னல் இல்லையா? நான் இப்பதான் ஒங்கட வீட்ட அக்காக்கு வெள்ள லேஸ் குடுத்திட்டு வாறன். ஏழாவது சட்ட ஓடுது."

"ஓடுதா? என்னத்தில ஓடுது?"

"மிஷின்லதான். ஞாயித்துக்கிழம போன்ல காட்டினாங்க. மோட்டர் எரியல்ல அக்கா, காபனத்தான் காணல்ல எண்டு சொன்னன். மறுகா அந்தோனியார்க்கிட்டக் கேட்டாங்களாம். கையோட குடுத்திட்டாராம்."

"காபன்," என்றார் பேர்னாட்.

"ஓம், காபன்."

"கா... ப... ன்." பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கே. பீ. என்.

வீட்டுக்குள் அவர் பாய்ந்து வந்தபோது செசீலியா ஏழாவது சட்டையின் கரையை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"திசை தெரிஞ்சிட்டா?"

பேர்னாட் கணக்குப் போட்டார். காபனை ஏன் போட்டாய் என்று கேட்டால், ஏன் கழற்றினீர்கள் என்று அவள் கேட்பாள். அந்தோனியாரைப் பார்த்தார். அவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மோர்ஸ் நீ எப்பிடி..."

"ஆறு மாசம் புத்தகம் புடிச்சது ஆரு? பெடலத் தட்டினா டி. அமத்தினா டா. ஒங்கட றேடியோவுக்கு இந்த மோட்டர்ர இரைச்சல்தானே கேக்கிற?"

"என்னைத் தெருத்தெருவா அலைய வெச்சிட்டியே!"

"நீங்க வீட்டில இருந்தா நான் எப்பிடித் தைக்கிற?"

பேர்னாட் கதிரையில் பொத்தென்று விழுந்தார். உண்மையிலேயே அழுகை வந்தது. "பின்லாந்துக்கு எழுதிப்போட்டன் புள்ள. உலகம் முழுக்கக் காத்திருக்கு. நிலையத்தில இருந்து கடிதம் கேக்காங்க. நான் என்ன சொல்ற?"

செசீலியா மிஷினை நிறுத்தினாள். அவளுக்கும் கொஞ்சம் பாவமாக இருந்தது.

"அழாதங்க. கடிதம்தானே? நிலையம் நான்தானே? எழுதித் தாறன். ஆனா உண்மையத்தான் எழுதுவன்."

எழுதினாள், நேசறி ரீச்சரின் முத்தான ஆங்கிலத்தில்.

*நிலையம்: காபன். இடம்: பெரியகல்லாறு, பின்அறை. கருவி: தையல் மிஷின். வலு: ஒரு வலது கால். இவர் கேட்டது எங்களைத்தான்.*

வேறு வழியில்லை. பேர்னாட் கண்ணை மூடிக்கொண்டு அதைப் படம் பிடித்து அனுப்பினார்.

சனிக்கிழமை பதில் வந்தது. முதல் அரைப் பக்கம் தலைவர் சிரித்திருந்தார். பிறகு விதியைச் சொன்னார்: கேட்கிறவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நிலையம் கணக்கில் சேராது. ஆகவே பேர்னாட்டுக்கு இன்னும் நாற்பத்தொன்பதுதான். ஆனால் இவ்வளவு சுத்தமான மோர்ஸை வெகுகாலமாகத் தான் கேட்கவில்லை என்றும், திருமதி செசீலியாவைச் சங்கத்தில் சேர்த்தாயிற்று என்றும், அம்மணி கேட்பதிலும் கெட்டிக்காரியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

ஞாயிறு பூசையில் ஏழு சிறுமிகளும் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக நடந்தார்கள். ஒரு மடிப்புப் பிசகில்லை. கோயிலே செசீலியாவைத் திரும்பிப் பார்த்தது. பேர்னாட்டுக்குப் பெருமையாக இருந்தது. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. சட்டை முடிந்தது, சண்டையும் முடிந்தது. இனி ஐந்திலிருந்து ஏழு தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

மாலை ஐந்து அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, தேத்தண்ணிக் கோப்பையோடு, பாட்டு முணுமுணுத்தபடி றேடியோ அறைக்குப் போனார். கதிரையில் ஆள் இருந்தது. தலையில் ஹெட்போன், கையில் பென்சில். மூன்று வருடமாகப் பேர்னாட்டின் காதில் ஒருமுறைகூட விழாத பீக்கனின் எழுத்துகளைச் செசீலியா நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, அரிசி கழுவி வெச்சிருக்கன், அடுப்பில போட்டு விடுங்க," என்றாள் திரும்பாமலே. "எனக்கு அந்தமான் வருது."