கொச்சங்காடிக்கு வந்த தாய்வீடு

"வெள்ளிக்கிழமை வேனோட வாரோம் மாப்ள. வளைகாப்பை முடிச்ச கையோட பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருதோம்" என்றாள் ஆவுடையம்மாள், சங்கரன்கோவிலிலிருந்து போனில்.

"சரி அத்தை" என்றான் முத்துவேல்.

மாமியார் போனை வைத்ததும் அடுத்த அழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஷபானா.

"முத்துவேல் சேட்டா, பொன்மணி அவங்க அம்மா வீட்டுக்குப் போறது எப்போ? இன்னும் சொல்லவேயில்லையே."

"போக மாட்டா சிஸ்டர். எங்கயும் போக மாட்டா."

"உறப்பா? நிச்சயம்தானே?"

"சத்தியமா."

போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான், இரண்டு பேருக்கு இரண்டு விதமாக வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. அதற்குள் சட்டியில் கிடந்த ஏத்தன் வாழைக்காய் வறுவல் கருகிவிட்டது.

அவன் சுபாவமே அதுதான். யார் என்ன கேட்டாலும் முதலில் தலையை ஆட்டிவிடுவான். யோசனை எல்லாம் அப்புறம், ஆற அமர வரும்.

கொச்சியில், மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், கிடங்குகளுக்கு நடுவே அவனுக்கு ஒரு வறுவல் கடை. கடைக்குப் பின்னால் வீடு. போன வருஷம் மூன்றாம் மாதத்தில் மனைவி பொன்மணிக்குக் கரு கலைந்துபோனது. அப்படி இன்னொரு நாள் வந்தால் முத்துவேல் தாங்க மாட்டான். இந்தத் தடவை எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்க ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார்கள். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் அளவு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ஒரு சாயங்காலம் அளவு கன்னாபின்னாவென்று ஏறியது. இவன் அதைப் பார்த்துப் பதறுவதற்குள் ஷபானா கூப்பிட்டுவிட்டாள், டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். அன்றிலிருந்து முத்துவேலுக்கு அந்தப் பெட்டிதான் சாமி.

சேரும்போது எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார்களாம். அந்த நேரம் பார்த்து, ஆம்புலன்ஸ் வழியில் வண்டியை நிறுத்தியதற்காக வாட்ச்மேன் கீழே இவனை வறுத்துக்கொண்டிருந்தான். மேலே ஓடிவந்தால் பொன்மணி கையெழுத்தே போட்டு முடித்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நம்மளை நல்லா பாத்துக்குவாங்களாம்" என்றாள். அதோடு சரி.

ஆராய்ச்சியின் சட்டதிட்டங்களை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு சேவியர். பழைய படகு மெக்கானிக். மூளையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி, இப்போது அதே ஆஸ்பத்திரியில் வேறொரு ஆராய்ச்சியில் இருக்கிறார். கட்டி திரும்ப வளராமல் இருக்க, மழித்த தலையெல்லாம் மின்சார வில்லைகளை ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒயர் இறங்கித் தோளில் தொங்கும் பேட்டரிப் பைக்குள் போகும். மேலே ஒரு தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, "கொச்சியில கரண்ட் போகாத ஒரே இடம் என் மண்டைதான்" என்று சாயாக்கடையில் எல்லோரையும் சிரிக்கவைப்பார்.

"எடா முத்துவே, ரிசர்ச்சுன்னா ஊரை விட்டுப் போகக்கூடாது" என்று அவர்தான் சொல்லியிருந்தார். "ஞான் வேளாங்கண்ணிக்குப் போகணும்னு கேட்டேன். போனா பேரை வெட்டிடுவோம்னு டாக்டர் தீர்த்துச் சொல்லிட்டார்."

பேரை வெட்டினால் பெட்டி போய்விடும். பெட்டி போனால் டாக்டரும் போய்விடுவார். பிறகு பொன்மணிக்கு அளவு ஏறினால் யார் கூப்பிடுவார்கள்? முத்துவேல் உடனே போனை எடுத்தான்.

மாமியாரையே கூப்பிட்டான். "அத்தை, பிரயாணம் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"என் பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மா ஒரு ஆராய்ச்சியில..."

"ஆராய்ச்சியா?"

வெள்ளிக்கிழமை வர வேண்டியவர்கள் மறுநாள் காலையிலேயே வாசலில் நின்றார்கள். ஆவுடையம்மாளுக்கு முன்னால் மாமனார் சுப்புராஜ், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"எலியை வச்சுப் பண்ணுவாக, முயலை வச்சுப் பண்ணுவாக. எம் பொண்ணை வச்சா பண்ணுதாக?"

"அப்படியில்ல மாமா. இங்க இதெல்லாம் சகஜம். எதிர்வீட்டு சேட்டன்கூட ஒரு ஆராய்ச்சியிலதான் இருக்காரு."

இதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பான். சாட்சிக்கு சேவியரையும் கூப்பிட்டான். சேவியர் மரியாதை தெரிந்த மனிதர். பெரியவர்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

ஆவுடையம்மாள் அந்தத் தலையைப் பார்த்தாள். பிறகு பொன்மணியை இழுத்து உட்காரவைத்து, பேன் பார்ப்பதுபோல் முடியை வகிர்ந்து வகிர்ந்து தேடினாள்.

"ஏட்டி, உனக்கு எங்க ஒட்டியிருக்காக?"

"எனக்குத் தலையில இல்லம்மா. கையிலதான், அதுவும் அளக்கும்போது மட்டும்."

"இன்னைக்குக் கையி, நாளைக்குத் தலை. சேலையை எடுத்து வையி. கிளம்பு."

முத்துவேலுக்கு இப்போது 'சரி' என்ற வார்த்தைகூட வரவில்லை. "அத்தை, அவளை அனுப்ப எனக்குப் பயமா இருக்கு" என்றான். "போன தடவை ஆனது மாதிரி..."

ஆவுடையம்மாள் கொஞ்சம் இளகினாள். "எனக்கு மட்டும் பயமில்லையா மாப்ள? தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் நடக்கணும். எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான். அதை மாத்தி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா எந்த முகத்தை வச்சுக்கிட்டு இருப்பேன்?"

இரண்டு பக்கமும் நியாயம். இரண்டு பக்கமும் கண்ணீர். தன் தலையால்தானே இவ்வளவும் என்று சேவியருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அம்மே, தாய்வீடுன்னா என்ன? அம்மா தாமசிக்கிற வீடு. என் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் பிரசவம் வரை அங்க இருங்க. அதுதான் தாய்வீடு."

எல்லோரும் பொன்மணியைப் பார்த்தார்கள். "உங்க எல்லாருக்கும் எப்படித் தோணுதோ அப்படி" என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சரி" என்றான் முத்துவேல், முந்திக்கொண்டு.

வெறும் அறை தாய்வீடு ஆகிவிடுமா? ஆகாது என்றாள் ஆவுடையம்மாள். எனவே வெள்ளிக்கிழமை வேன் சங்கரன்கோவில் வீட்டையே சுமந்துகொண்டு வந்தது. கிரைண்டர், குத்துவிளக்கு, சொந்த வயல் அரிசி, பொன்மணி சின்ன வயதிலிருந்து படுத்த கட்டில். கடைசியாகக் கதவைத் திறந்தால் இரண்டு வெள்ளாடுகள்.

"இதுக எதுக்கு மாமா?"

"வாயில்லா ஜீவனுகளை அங்க யாருகிட்ட விட்டுட்டு வர?" என்றார் சுப்புராஜ்.

வளைகாப்பு முடிந்து, கலவைச் சாதம் சாப்பிட்டு, பொன்மணி கை நிறைய வளையலோடு தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். தூரம் என்று பார்த்தால் தெருவின் அகலம்தான். ஆனால் வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளையை நடத்தியா கூட்டிக்கொண்டு போவது என்று சுப்புராஜ் ஆட்டோவைப் பிடித்தார். அந்தக் குறுகிய தெருவில் ஆட்டோ திரும்ப முடியாமல், யூதத் தெருவான ஜூ டவுன் வழியாக, சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து எதிர்வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. அதற்குள் அங்கே நடந்தே வந்து சேர்ந்திருந்த ஆவுடையம்மாள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் முத்துவேல் வழக்கமாகக் கட்டும் கைலியோடு மாடியேறினான்.

"மாப்ள வந்திருக்காக" என்று உள்ளே குரல் போனது. நாற்காலி வந்தது, இலை வந்தது, சாப்பாடு வந்தது. பொன்மணி மட்டும் வரவில்லை. தாய்வீட்டுக்கு வந்த பிள்ளையை மாப்பிள்ளை நினைத்த நேரமெல்லாம் வந்து பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று நயமாகச் சொல்லி அனுப்பினாள் மாமியார். பொன்மணி நிஜமாகவே சங்கரன்கோவில் போயிருந்தால்கூட அவளை இதைவிட அதிகமாகப் பார்த்திருப்பான்.

கடைசியில் இவன் கடை வாசலிலும் அவள் மாடி ஜன்னலிலும் நின்று, எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொண்டே போனில் பேசினார்கள்.

"சாப்பிட்டியா?"

"அம்மா கையால ரெண்டு வேளை சாப்பாடு ஒரே வேளையில. அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நீங்க. எனக்கு வேற என்னங்க வேணும்?"

அவள் குரலில் இருந்த குளிர்ச்சியைக் கேட்டு அவனுக்கும் மனசு நிறைந்தது. அந்த நிறைவு சுப்புராஜ் கடைக்கு வரும்வரைதான் நின்றது. மாமனார் தினமும் கடையில் வந்து உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களிடம், "இது என்ன பிரமாதம், எங்க ஊரு காராச்சேவு தின்னிருக்கியளா?" என்று விசாரிப்பார். அவர் விசாரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் கிடங்கு முற்றத்தில் காயவைத்திருந்த சுக்கில் புகுந்துவிட்டன. கிடங்கு மேஸ்திரியின் வசவு முழுவதும் மலையாளத்தில் இருந்ததால் சுப்புராஜுக்குப் புரியவில்லை. முத்துவேலுக்கு நன்றாகப் புரிந்தது.

போகட்டும், பெட்டி காட்டும் அளவு தினமும் சரியாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். அப்போதுதான் மறுபடியும் ஷபானாவின் அழைப்பு.

"பொன்மணி இன்னும் போகல்லியா?"

"இல்ல சிஸ்டர். வேணும்னா போட்டோ அனுப்புறேன்." மாமியாரிடம் கெஞ்சிப் பொன்மணியை இறக்கி, கொச்சங்காடி என்று எழுதிய கடைப் பலகைக்குக் கீழே நிறுத்தி, உடனே படமும் எடுத்து அனுப்பினான்.

"நாளைக்கு நான் நேர்ல வரேன்" என்றாள் ஷபானா. "கொஞ்சம் பேசணும்."

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டான். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினான்.

"அத்தை, நாளைக்கு சிஸ்டர் வாராங்க. இது தாய்வீடுன்னு மட்டும் சொல்லிராதீக."

"பிறகு யாரு வீடுன்னு சொல்லணும்?"

"சேவியர் சேட்டன் வீடு."

"மாசமா இருக்க பிள்ளையை அடுத்தவன் வீட்டுல கொண்டுவந்து விட்டிருக்கேன்னு என் வாயால சொல்லணுமா?" ஆவுடையம்மாள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். சுப்புராஜ் இறங்கிப்போய் ஊருக்குக் கிளம்ப ஆடுகளை அவிழ்த்தார். அவரைச் சமாதானம் செய்து திரும்பக் கட்டவைப்பதற்குள், இது தாய்வீடுதான் என்று மாமனாரிடமும் முத்துவேல் தலையை ஆட்டியிருந்தான்.

மறுநாள் ஷபானா வந்தாள். படியில் படுத்திருந்த ஆட்டைத் தாண்டி அவள் மேலே கால் வைத்ததுமே, ஒருவரும் கேட்காமல், ஆவுடையம்மாள் உரக்கச் சொன்னாள்: "வாங்கம்மா. பொன்மணியோட தாய்வீடு இதுதான்."

ஷபானாவின் முகம் மலர்ந்தது. "ஓ, தாய்வீட்டுக்குப் போயாச்சா? எப்போ போனீங்க?"

"போகல சிஸ்டர்." முத்துவேல் குறுக்கே பாய்ந்தான். "ஊரைத் தாண்டவேயில்ல. சங்கரன்கோவிலைத்தான் இங்க தூக்கிட்டு வந்திருக்கேன். கட்டில், கிரைண்டர், ஆடு எல்லாம் வந்தாச்சு. அவ பேரை மட்டும் வெட்டிராதீங்க. அந்தப் பெட்டி இல்லைன்னா எனக்குத் தூக்கமே வராது."

ஷபானா கட்டிலைப் பார்த்தாள், கிரைண்டரைப் பார்த்தாள், ஆட்டையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "பேரை வெட்டறதா? யாரு சொன்னது?"

படிக்குக் கீழே நின்ற சேவியர் தொப்பியை மெல்லக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

"அவரோட ரிசர்ச்சு வேற, எங்களோடது வேற" என்றாள் ஷபானா. "பொன்மணி எங்க இருந்தாலும் டாக்டர் பாத்துக்குவாங்க. பிரசவமும் இங்கயே நடக்கட்டும். பயமே வேண்டாம் சேட்டா."

முத்துவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. சற்று நேரம் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்: "பிறகு எதுக்கு சிஸ்டர், எப்பப் போறா எப்பப் போறான்னு கேட்டு என் உசுரை வாங்கினீங்க?"

"ஏழாம் மாசத்துல தாய்வீட்டுக்குப் போயிடற பொண்ணுங்களைத்தான் நாங்க ஆராய்ச்சி பண்றோம். வழியில விட்டுப் போகாம அங்கயும் தொடர்ந்து பாக்கத்தான் அந்தப் பெட்டி. சங்கரன்கோவில் டாக்டர்கிட்டகூடப் பேசி வச்சாச்சு."

சுப்புராஜ் வேனைப் பற்றியும் ஆவுடையம்மாள் கிரைண்டரைப் பற்றியும் நினைத்திருக்க வேண்டும். முத்துவேல் சுக்கு மேஸ்திரியை நினைத்தான்.

"இதை எங்ககிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா சிஸ்டர்?"

பொன்மணிக்குத் திடீரென்று அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து, உள்ளே போய்விட்டாள்.

"பொன்மணிகிட்ட முதல் நாளே எல்லாம் சொன்னேனே" என்றாள் ஷபானா. "'வீட்டுல யார்கிட்டயும் நீங்க சொல்ல வேண்டாம் சிஸ்டர், நானே பக்குவமா சொல்லிக்கறேன்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

'அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நீங்க' என்று ஜன்னலில் நின்று பொன்மணி சொன்னது முத்துவேலுக்கு இப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது.