வைஃபை கார்டுக்கு எங்கள் வீடு பிடிக்கவில்லை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. இங்கு வைஃபை கார்டைத் தவிர அனைவரும் நலம். அம்மாவின் போன் கேபிளில் லேப்டாப்போடு கட்டுண்டு கிடப்பதால் கடிதம்.

நீங்கள் லினக்ஸ் போட்டுக் கொடுத்த லேப்டாப்பைக் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறோம். சோபா பட்டறையில் மிஞ்சிய ரெக்சினில் அப்பா அதற்கு ஓர் உறை தைத்திருக்கிறார். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இழுத்தால்தான் ஏறும், அவ்வளவு கச்சிதம். "நம்ம வீட்டு முதல் கம்ப்யூட்டர், ஒரு தூசி போகக் கூடாது" என்று தினமும் என்னைப் பிடிக்கச் சொல்லி அவரே போர்த்திவிடுவார். ஆனால் உங்கள் வீட்டில் சட்டென்று வந்த வைஃபை, பக்கத்து வீட்டார் பாஸ்வேர்ட் கொடுத்தும், இங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னபடி, கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருளை மாற்றப் பார்த்தேன். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். சரியென்று அம்மா போனிலிருந்து நெட் எடுத்தால், பாதி இறங்கும்போது அத்தை கூப்பிடுவார்கள், எல்லாம் அறுந்துவிடும். குறையாகச் சொல்லவில்லை மாமா. நெட்டில் இருக்கும் லினக்ஸ் மன்றத்தில் கேட்டேன். முகம் தெரியாத ஒருவர் எனக்காகப் பக்கம் பக்கமாக எழுதினார். ஒரு பைசா வாங்காமல் இப்படியும் மனிதர்களா என்று மலைத்துப்போனேன். கடைசியில் அவரே, "பக்கவாட்டில் ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள்" என்றார். இவ்வளவு தெரிந்தவர் இப்படிக் கேட்கிறாரே என்று எனக்கே கூச்சமாகி, நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேர்முகத் தேர்வின் முதல் சுற்றையும் அந்தக் கேபிளில்தான் ஓட்டினேன். "உங்கள் பலம் என்ன?" என்றார்கள். நான் தம் கட்டி வாயைத் திறந்தேன், அத்தை கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா, "அவ இன்டர்வியூல இருக்கா, அப்புறம் பேசறேன்" என்று எடுத்துவிட்டு, அந்த அப்புறத்தையும் அப்போதே பேசி முடித்துவிட்டார்கள். என் மௌனத்தை நிதானம் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டாம் சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை, ஒரு மணி நேரம். இந்த வேலை கிடைத்தால் நம் குடும்பத்தில் முதல் ஆபீஸ் வேலை. கார்டு செத்தே போய்விட்டது மாமா. அதற்குள் வந்து வேறு கார்டு போட்டுக் கொடுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. பதில் அன்பை அவர்கள் நேரில் தந்தால் போதும், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: வர வேண்டாம் மாமா. கடிதத்தை ஒட்டும்முன் மனசு கேட்காமல் பக்கவாட்டில் பார்த்தேன். ஸ்விட்ச் இருக்கிறது. தள்ளினேன், வைஃபை வந்துவிட்டது. அப்பா ஆசையாக உறையைப் போட்டார். கழற்றினால் மறுபடி அணைந்திருக்கிறது. இத்தனை நாளும் உறையின் விளிம்புதான் அதைத் தள்ளியிருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அந்த இடத்துல சின்னதா ஒரு ஜன்னல் வைங்கப்பா, காத்து வேணுமாம், மாமா சொன்னாங்க" என்றேன். இப்போது ஓரம் மடித்து, அழகாகத் தைத்துக்கொண்டிருக்கிறார். "உங்க மாமாவுக்குத் தெரியாததே இல்ல" என்கிறார். கேட்டால் தயவுசெய்து ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.