இன்னும் ஒரு சுத்து

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எந்தப் பொருளாவது திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், அது குழாயோ, ஊறுகாய் ஜாடியோ, தண்ணீர்த் தொட்டி மூடியோ, கடைசியாக அதை மூடிய கை ஒரே ஒரு மனிதருடையதாகத்தான் இருக்கும். எந்தக் கோர்ட்டில் வந்து வேண்டுமானாலும் இதைச் சொல்ல நான் தயார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் வீடு தெரியாது. ‘ஒரு சுத்து சார்’ என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும். எதை மூடினாலும், மற்றவர்கள் போதும் என்று கையை எடுக்கிற இடத்தில் அவர் எடுக்க மாட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் ஒரு சுத்து” என்பார். அந்த ஒரு சுத்துக்கு அப்புறம் அந்தப் பொருளை நாம் மறந்துவிட வேண்டியதுதான்.

நான் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் பார்த்துத்தான் எழுத வேண்டும். இருந்தாலும் உண்மை உண்மைதானே?

ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டராக இருந்து ரிட்டயரானவர். அவர் மூடி வைத்த ஆசிட் பாட்டிலை அந்த வருஷத்துப் பையன்கள் திறக்க முடியாமல், பிராக்டிகல் பரீட்சையில் “ஆசிட் சேர்த்ததாக வைத்துக்கொள்க” என்று எழுதி மார்க் வாங்கினார்களாம். இதைச் சொன்னவர் அவரேதான். சொல்லும்போது முகத்தில் என்ன பெருமை!

போன கோடையில் தெருமுனையில் மோர்ப்பந்தல் போட்டார்கள். பெரிய எவர்சில்வர் டிரம், கீழே குழாய். காலையில் ஒரு சொட்டு ஒழுகியது. சார் அந்தப் பக்கமாக வந்தார். பார்த்தார். “ஒழுவுதே” என்றார். அவ்வளவுதான். குழாயை முடுக்கிவிட்டு, ஒரு சாவுக்கு கடலூர் பஸ் ஏறிப் போய்விட்டார். தாகத்தோடு வந்த ஜனமெல்லாம் டிரம்முக்கு மாலை போடாத குறையாகச் சுற்றி நின்றது. கடைசியில் மேல்மூடியைத் திறந்து சொம்பில் மொண்டு கொடுக்கலாம் என்று பார்த்தால், மூடியையும் அவர்தான் மூடியிருந்தார்.

இப்படிப்பட்ட கைக்கும் ஒரு நாள் வந்தது. வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கடைசி சுத்தில் ஸ்பானர் நழுவி, கை சுவரில் மோதி, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் மாவுக்கட்டு போட்டு முடித்துக் கை கழுவப் போனார். சார் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டாக்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் லூசா இருக்கற மாதிரி இருக்கு. இன்னும் ஒரு சுத்து…”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. கட்டுப் பிரித்த பிறகும் கையில் பழைய பிடி வரவில்லை. அவருடைய பழைய நூறு சிசி பைக் வாசலில் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த பைக்கில் மனைவி கஸ்தூரியம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவது அவர் வாழ்க்கையிலேயே அவர் தவறவிடாத ஒன்று. இப்போது அந்தம்மா ஆட்டோவில் தனியாகப் போய்வந்தார். அவர் திரும்பி வருகிற வரை சார் வாசற்படியில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் எதையும் மூட மாட்டார், முடுக்க மாட்டார். பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

வில்லியனூரில் கட்டிக்கொடுத்த மகள் உமா வந்தாள். பாசக்காரப் பெண், ஆனால் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிடிவாதம்.

“அப்பா, வண்டிய வித்துடலாம். பிரேக் புடிக்கிற கையே வலது கைதான். எங்கியாவது விட்டுட்டீன்னா?”

“டாக்டர் இன்னா சொன்னாரு? கையில புடி வந்துட்டா ஓட்டலாம்னாரு.”

“புடி வந்துட்டுதுன்னு எப்படித் தெரியும்?”

சார் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது.

“வண்டிக்கு ஆயில் மாத்தணும். போன தடவ நான் முடுக்கின டிரெயின் போல்ட்ட இந்த ஞாயித்துக்கெழம நானே கழட்றேன். கழட்டிட்டா வண்டி எங்கிட்ட. கழட்ட முடியலன்னா சாவி உங்கிட்ட. வித்துக்கோ. தோ, மேல் வீட்டு சார்தான் சாட்சி.”

இன்ஜினுக்கு அடியில் இருக்கிற அந்த போல்ட்டைக் கழற்றினால்தான் பழைய ஆயில் வெளியே வரும். மெக்கானிக் கடையில் ரெண்டு நிமிஷ வேலை. ஆனால் சார் வண்டியை எந்த மெக்கானிக்கையும் தொட விட்டதில்லை. ‘அவனுங்க லூசா முடுக்குவானுங்க’ என்பது அவர் கட்சி. போன தடவை ஸ்பானருக்குப் பின்னால் ஒரு நீள இரும்புப் பைப்பைச் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முடுக்கியதை மாடியிலிருந்து நானே பார்த்தேன். வண்டியே ஒரு சாண் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவே காபி டம்ளரோடு வாசலுக்கு வந்துவிட்டது. சார் பைக்கை ஸ்டாண்டு போட்டு, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அடியில் பழைய பிளாஸ்டிக் பேசினை வைத்து, சாக்கை விரித்துப் படுத்தார். ஸ்பானரை மாட்டினார். இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. போல்ட் அசையவில்லை. எழுந்து உட்கார்ந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோபமாகக் கேட்டார்.

“எவன்யா இத இம்மாம் டைட்டா முடுக்கினது?”

“நீங்கதான் சார்” என்றேன்.

 சார் குனிந்து போல்ட்டைப் பார்த்து, “நல்லாத்தான் முடுக்கியிருக்கேன்” என்றார். அந்தச் சங்கடத்திலும் ஒரு பெருமை!

எதிர் வீட்டு முசே வந்தார்; பிரெஞ்சில் ‘ஐயா’ என்று அர்த்தம், தெருவில் அதுவே அவர் பெயர். பிரான்சில் பல வருஷம் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தெருவில் என்ன நடந்தாலும் அரை டிராயரோடு வந்து ஆலோசனை சொல்வது அவர் உரிமை. கையில் பாரிசிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரே டப்பா. துரு பிடித்த எதையும் இளக்கிவிடுமாம். போல்ட்டைச் சுற்றி அடித்தார். “தூஸ்மான், தூஸ்மான்” என்றார். மெல்ல, மெல்ல என்று பிரெஞ்சில் அர்த்தம். வாழ்க்கையில் எதையும் மெல்லச் செய்யாத மனிதரிடம் போய் இதைச் சொன்னால்? சார் பழைய பைப்பைக் கொண்டுவந்து ஸ்பானரில் சொருகி, காலை சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். ஸ்பானர் நழுவியது. முசே துள்ளிக் குதித்து அவர் வீட்டுப் படியில் ஏறிக்கொண்டார்.

“அப்பா, வுட்ருப்பா” என்றாள் உமா. அவள் குரல் மாறிவிட்டிருந்தது. “போல்ட்டு மூலையெல்லாம் மழுங்கிடப் போவுது. மறுபடி கையில அடிபட்டா இன்னா பண்றது?”

“நீ சும்மா இரு. நானாச்சு, இதாச்சு.”

வெயில் ஏறியது. காபி குடித்தவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்தார்கள். சார் படுப்பார், இழுப்பார், எழுவார், கையை உதறுவார், மறுபடி படுப்பார். அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எதிராளி வேறு யாருமில்லை, போன வருஷத்து ஒரு சுத்து சார்தான். அவருக்கு நல்ல கை இருந்தது. இவருக்கு இல்லை.

ஒரு கட்டத்தில் வலது கை ஸ்பானரைப் பிடிக்கவே மறுத்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டு, என்னிடம் மட்டும் மெல்லக் கேட்டார்: “இந்தக் கையா சார் அத முடுக்கிச்சு?”

 “முடியும் சார், இன்னொரு தரம் பாருங்க” என்றேன். முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மனுஷன் மறுபடியும் படுத்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து கஸ்தூரியம்மா வந்தார். கையில் இஞ்சி பூண்டு இடிக்கிற சின்ன இரும்பு உலக்கை. தெரு ரெண்டாகப் பிரிந்து வழிவிட்டது.

“இன்னாங்க நெனச்சுக்கினு இருக்கீங்க? மணி இன்னா ஆவுது தெரியுமா? இனிமே போனா சங்கரா கெடைக்குமா? ஐஸ்ல போட்ட மீன்தான் இருக்கும். நவுருங்க.”

“ஏய், இதுல உனக்கு இன்னா தெரியும்?”

“எனக்கா?” என்று அந்தம்மா இடுப்பில் கை வைத்தார். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க மூடி வெச்ச டப்பா, பாட்டிலு, குக்கரு, எண்ணெ டின்னு எல்லாத்தையும் யாரு தெறந்தான்னு நெனச்சீங்க? இல்லன்னா மூணு வேள சோறு எங்கேர்ந்து வந்துச்சு?”

 இத்தனை வருஷமாக அவரைச் சொல்லிச் சிரித்த எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றியதில்லை. ஊருக்கு என்றைக்கோ ஒரு மோர் டிரம். அந்தம்மாவுக்கோ தினமும் காலையில் காப்பித்தூள் டப்பாவிலிருந்து யுத்தம்.

சேலையைச் சொருகிக்கொண்டு தரையில் குந்தினார். “ஸ்பானர மாட்டிக் கெட்டியாப் புடிங்க. இழுக்காதீங்க. இழுத்தா வராது, தட்டணும். மொதல்ல இந்தப் பக்கம்.”

“அடியே, அது முடுக்கற பக்கம்!”

“தெரியும். ஒரு தட்டு அந்தப் பக்கம் தட்டினாத்தான் அதோட புடி வுடும். அப்புறந்தான் இந்தப் பக்கம் வரும். உங்க ஊறுகா பாட்டில அப்படித்தான் தெறக்கறேன்.”

“அப்ப இன்னும் ஒரு சுத்து முடுக்கணும்னு நீயே சொல்ற!”

“சுத்தும் வேணாம் மண்ணும் வேணாம். ஒரு தட்டு. புடிங்க.”

சார் பிடித்தார். அந்தம்மா உலக்கையால் முடுக்குகிற பக்கம் ஒரே ஒரு தட்டு தட்டினார். பிறகு ஸ்பானரைத் திருப்பி மாட்டச் சொல்லி, இந்தப் பக்கம் நறுக்கென்று ஒன்று. இன்னொன்று. மூன்றாவது தட்டில் ‘க்ரிக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது என்றால் நம்புங்கள். கறுப்பாக ஆயில் பேசினில் கொட்டியது. முசே கைதட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

சார் தட்டவில்லை. எழுந்தார். கையைத் துடைத்தார். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

“நான் கழட்டல. உங்கம்மாதான் கழட்டினா. சொன்னா சொன்னதுதான். வெச்சுக்கோ.”

உமா வாங்கத் தயங்கினாள். அவள் வாங்குவதற்குள் கஸ்தூரியம்மா குறுக்கே கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

“கழட்டினது நானு. சாவி எங்கிட்ட இருக்கட்டும். யாரு ஓட்றதுன்னு நான் சொல்றேன்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பி வலது கையை நீட்டினார். “கையப் புடிங்க.”

“இன்னாடி இது, தெருவுல?”

“புடிங்கன்றேன். புடிச்சு அமுக்குங்க, பிரேக்க அமுக்கற மாதிரி. கையில பலம் இருக்கா இல்லியான்னு நான் பாக்கணும்.”

சார் அக்கம்பக்கம் பார்த்தார். வெட்கத்தோடு, ஆயில் பட்ட கையால் அந்தக் கையைப் பிடித்தார்.

“அமுக்குங்க.”

அவர் சும்மா நின்றார்.

“இன்னும் ஒரு சுத்து சார்!” என்று யாரோ கத்தினார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“அமுக்குங்க, இன்னா?”

“வாணாம்” என்றார் சார். “வலிக்கும்.”

அந்தம்மா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார். “கேட்டியா? கையில பலம் இல்லாதவன்னா அமுக்கிக் காட்டியிருப்பான். பலம் இருக்கறவன்தான் வலிக்கும்னு சொல்லுவான்.”

“இது இன்னாம்மா நாயம்?”

“ஓட்டட்டும்டி. பின்னாடி நான்தான குந்தப் போறேன்? வுழுந்தா கூட வுழறது நான்தான? எனக்கு இல்லாத பயம் உனக்கு எதுக்கு?”

 உமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மெதுவாப் போவச் சொல்லு” என்று மட்டும் சொன்னாள்.

சார் போல்ட்டைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். ஸ்பானரை வைத்து முடுக்கினார். உதட்டைக் கடித்தார், கண்ணை மூடினார். தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. “போதும்” என்றார் கஸ்தூரியம்மா. அவர் கண்ணைத் திறந்தார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். முத்தியால்பேட்டை சரித்திரத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

புது ஆயிலை ஊற்றினார்கள். வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. சைக்கிளில் போன ஒரு பெரியவர் அவர்களை முந்திக்கொண்டு போனார். அவ்வளவு மெதுவாகப் போய், ஐஸ் மீனோடு திரும்பி வந்தார்கள். மாடிக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வந்தது. என் ஆயுசில் அப்படி ஒரு மீன் குழம்பு சாப்பிட்டதில்லை.

அப்புறம் ஒரு நாள் வாசலில் தனியாக அகப்பட்டபோது மனசு கேட்காமல் கேட்டேன். “நெஜமா சொல்லுங்க சார். அன்னிக்கி அவங்க கைய அமுக்கியிருந்தா, பலம் இருந்திருக்குமா?”

அந்தம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்று உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தெரியல சார். அவ கைய மட்டும் நான் என்னிக்குமே இறுக்கிப் புடிச்சதில்ல.”