வாளியின் மேல் வைத்த பற்று

மதிப்புக்கும் மரியாதைக்கும் என்றும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகனான தையல்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். நலம் என்பது கடித முறைக்காக எழுதியது, உள்ளபடி சொன்னால் நனைந்திருக்கிறோம். அங்கே அத்தையின் முழங்கால் வலியும் உங்கள் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, இந்த வீட்டில் நிற்பதற்குக் காய்ந்த இடம் ஒன்றுகூடக் கிடையாது.

விஷயம் உங்கள் மகனைப் பற்றியது. போன மாதம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். பிரிவு உபசாரத்தில் ஆபீஸ்காரர்கள் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். உலக மதங்கள் அத்தனையின் தத்துவத்தையும் ஒரே அட்டைக்குள் அடைத்த தலையணை மாதிரி ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கீழ்வீட்டுச் சாய்வு நாற்காலியில் அவர், அவர் மடியில் அது. மாடியில் குடியிருக்கும் நாங்கள் எதைக் கேட்கப் போனாலும் பக்கத்தைப் புரட்டித்தான் பதில் வருகிறது. பால்காரர்கூட "சாமியார் இருக்காரா?" என்றுதான் விசாரிக்கிறார்.

முதலில் போனது என் பனியன். மொட்டைமாடியில் காயப்போட்டது, புத்தம் புதுசு, கழுத்துக்கு நீலப் பட்டி வைத்து நானே தைத்தது, பலமாகக் காற்றடித்த அன்று காணவில்லை. எடுத்து வைத்தாரா என்று கேட்கப் போனேன். "ஆசைதான் அத்தான் துன்பத்துக்கு வேர்னு பௌத்தம் சொல்லுது. அரண்மனையையே விட்டுட்டுப் போனவங்க இருக்காங்க, நீங்க ஒரு பனியனை விட மாட்டீங்களா?" என்றார். சரி, விட்டேன். அடுத்த வாரம் மழை பிடித்தது, மாடி ஒழுக ஆரம்பித்தது, வேறு இடமே கிடைக்காத மாதிரி என் தையல் மெஷினுக்கு நேர் மேலே! போய்ச் சொன்னால் "கர்மா அத்தான், நாம செஞ்சதுதான் நமக்குத் திரும்பி வரும்" என்கிறார், நான் அப்படி என்ன செய்துவிட்டேன் மாமா, வெட்டினதில் மிச்சத் துணியைக் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பேன், அதற்கு இவ்வளவு தண்ணீரா? மெஷின் துருப்பிடிக்கிறது என்றால் "எல்லாம் நிலையாமை" என்கிறார். எலி ஒன்று ஈரத்துக்குப் பயந்து பீரோவுக்குள் புகுந்து பள்ளிக்கூடச் சீருடைத் துணியைக் கடிக்கிறது, பொறி இருந்தால் கொடுங்கள் என்றேன், "சமணத்துல எறும்பை மிதிக்கவே யோசிப்பாங்க, நீங்க எலிக்குப் பொறி கேக்கறீங்களே!" என்று இருந்த பொறியையும் ஒளித்துவிட்டார். கொத்தனாரையாவது கூப்பிடுங்கள் என்றால் "இன்னைக்கு ஓய்வு நாள், யூதர்கள் இன்னைக்கு எந்த வேலையும் தொட மாட்டாங்க" என்றார், மறுநாள் போனேன், "இஸ்லாத்துல பொறுமைக்குப் பெரிய இடம் உண்டு" என்றார். அப்புறம் படுக்கைக்கு மேலேயும் ஒரு பொத்தல் விழுந்து இடது கன்னத்தில் சொட்டியது, அதையும் போய்ச் சொன்னேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல, "கிறிஸ்தவத்துல மறு கன்னத்தைக் காட்டச் சொல்றாங்க" என்றார். காட்டினேன் மாமா. அதிலும் சொட்டியது. கடைசியாகச் சீனாக்காரர்களுடைய தாவோவாம், "தண்ணி மாதிரி உயர்ந்த குணம் வேற எதுக்கும் இல்ல அத்தான். யாரோடயும் சண்டை போடாம, தாழ்ந்த இடத்தைத் தேடிப் போயிடும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். இதை மட்டும் நான் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பொறுத்தது போதும் என்று "நாங்க வேற வீடு பார்த்துக்கறோம் மச்சான்" என்றேன். "வீடுன்னா மோட்சம்னு ஒரு அர்த்தம் இருக்கு. எல்லாரும் அதைத்தான் தேடறாங்க" என்றார். "அந்த வீடாவது ஒழுகாதா?" என்று கேட்டேன். அதோடு பேச்சு நின்றது. ஒரு வாரமாகச் சாயங்கால டீ தனித்தனி. ஒளிக்காமல் சொல்கிறேன் மாமா, கல்யாணமான நாளிலிருந்து அவரோடு உட்கார்ந்து குடித்துப் பழகின டீ, தனியாகக் குடித்தால் வெந்நீராக இறங்குகிறது. உங்கள் மகளோ "என் தம்பியை ஒரு வார்த்தை சொல்லாதீங்க" என்கிறாள், அதே வாயால் "இனிமே குடை பிடிச்சுக்கிட்டுத் தூங்க என்னால ஆகாது, அப்பா வீட்டுக்குப் போறேன்" என்றும் சொல்கிறாள்.

நேற்று அவர் குளிக்கப் போன நேரம் அந்தப் புத்தகத்தை நானும் புரட்டினேன். தனக்குப் பிடிக்காததை அடுத்தவருக்குச் செய்யாதே என்று எல்லா மதங்களும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி எழுதியிருக்கிறது. சீக்கியர்களுக்குச் சேவை பெரிது. இஸ்லாத்தில் அண்டை வீட்டுக்காரருக்கு உரிமையே உண்டு. மாடி வீட்டுக்காரன் அண்டை வீட்டுக்காரன் ஆக மாட்டானா? உங்கள் மகன் இந்தப் பக்கங்களை மட்டும் பிரித்ததே இல்லை, தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

நேரே மாடிக்கு வந்தேன். இத்தனை நாள் மெஷின் மேல் உட்கார்ந்து, சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து அதைக் காப்பாற்றிய வாளியைப் பார்த்தேன். அதன் மேல் நான் வைத்திருந்த பற்றை விட்டேன். மெஷினைச் சுவரோரம் தள்ளி, வாளியையும் அப்புறப்படுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் அவர் சொன்னபடியே யாரோடும் சண்டை போடாமல், தாழ்ந்த இடத்தைத் தேடி, குழாய் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழே போய்ச் சாய்வு நாற்காலியிலேயே விழுந்தது. புத்தகத்தில் அப்போது திறந்திருந்த பக்கம் பிரளயமாம்.

"அத்தான்! வாளி எங்கே?"

"துறந்துட்டேன் மச்சான்."

"புத்தகம் நனைஞ்சு போச்சு!"

"நிலையாமை."

"வேணும்னே பண்ணியிருக்கீங்க!"

"பொறுமை மச்சான், பொறுமை."

"வீட்டைக் காலி பண்ணுங்க!"

அதுவரை எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது மாமா. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் வாளியை எடுத்து வந்து மறுபடி சொட்டுக்குக் கீழே வைத்தேன். உங்கள் மகள் அழுதுகொண்டே பெட்டி அடுக்குகிறாள், அடுக்குகிற துணியும் ஈரம். ஆகையால் நீங்கள் உடனே உங்கள் மகனுக்கு நாலு வரி காரமாக எழுதி, மாடியைச் செப்பனிடவும், எங்களை இருக்கச் சொல்லவும், முக்கியமாக அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடவும் உத்தரவிட வேண்டுகிறேன். குற்றம் முழுவதும் அவர் பக்கம் என்பது இதைப் படித்த எவருக்கும் விளங்கும்.

அத்தைக்கு என் வணக்கங்கள். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும், இப்போது தலைக்கு மேல் வேண்டும்.

இப்படிக்கு,
குடையும் கையுமாக,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: உறையில் தபால்தலை ஒட்டும்போது மழை விட்டது. கொத்தனார் வந்து நிற்கிறார்! ஒழுகிய முதல் நாளே உங்கள் மகன் போய்ச் சொல்லிவிட்டாராம், கொத்தனார்தான் ஈரத்தில் ஏற முடியாது, மழை விட்டால் வருகிறேன் என்றாராம். "இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்?" என்றேன். "வர்றேன்னு சொன்ன கொத்தனாரை நம்பி நான் எப்படி வாக்குக் கொடுக்கறது? அதான் கடவுளை நம்பச் சொன்னேன்" என்றார். கொத்தனார் மொட்டைமாடிக்கு ஏறினால் அங்கே குளம் கட்டி நிற்கிறது தண்ணீர். வடிகால் குழாய்க்குள் கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். வந்தது. கறுத்துப்போயிருந்தாலும் கழுத்தில் நீலப் பட்டி தெரிந்தது. "உங்களோடதுதானே?" என்று உங்கள் மகள் எல்லார் முன்னாலும் கேட்டாள். கர்மாவைப் பற்றி உங்கள் மகன் சொன்னதை நான் அன்றே கவனித்துக் கேட்டிருக்க வேண்டும். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால் தபால்தலை வீணாகிவிடும். ஆகவே மேலே "உங்கள் மகன்" என்று குறை சொல்லியிருக்கும் இடங்களில் எல்லாம் தயவுசெய்து "உங்கள் மருமகன்" என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

சாயங்காலம் அவரே அந்தப் பனியனைத் துவைத்து, காயவைத்து, மடித்து, இரண்டு டம்ளர் டீயோடு மாடிக்கு எடுத்து வந்தார். காலி பண்ணச் சொன்னதைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "இதுக்கு அந்தப் புத்தகத்துல என்ன பேரு மச்சான்?" என்று கேட்டேன்.

"மறுபிறவி" என்றார்.

"பனியனுக்கா, எனக்கா?"

"டீயைக் குடிங்க அத்தான், ஆறிடும்" என்றார்.