துயிலக்காவின் மூன்று மில்லிமீட்டர்

தூங்கிக்கொண்டே ஒரு திருட்டைக் கண்டுபிடித்து, குற்றவாளியிடம் வாக்குமூலமும் வாங்கிய ஒரே ஆள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் துயிலக்காதான். இந்தச் சாதனை நடந்து முடிந்ததே அவளுக்கு மறுநாள்தான் தெரியும்.

அப்போது நான் தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்துகொண்டிருந்தேன். உத்தர வீதியில் ஒரு மாமி நடத்திய பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியும் கையுமாக மாடி அறைக்குள் நுழைந்தேன். மூன்று கட்டில்கள். நடுக்கட்டிலில் ஒரு பெண் ஒருக்களித்துப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம்க்கா. நான் புதுசா வந்திருக்கேன். எந்தக் கட்டில் காலியா இருக்கு?" என்றேன்.

பார்த்தாள். பதில் இல்லை. என் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் சொன்னேன். கண் அப்படியே என் மேல் இருந்தது. திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டிய நேரத்தில் குறட்டை வந்தது.

நான் இறங்கி ஓடிய வேகத்தில் மாமியின் மேல் மோதியிருப்பேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பயப்படாதேடி கொழந்தே. அவளுக்குத் தூங்கறச்சே கண்ணு முழுசா மூடாது. நைட் ஷிஃப்ட் போயிட்டு வந்து படுத்திண்டிருக்கா. நம்ம பெருமாளும் அப்படித்தானே சயனிச்சிண்டிருக்கார், எல்லாத்தையும் அறிஞ்சிண்டே. அறிதுயில்னு பேரு."

மாமி வைத்த அந்தப் பெயர்தான் தேய்ந்து துயிலக்கா ஆனது. நிஜப் பெயர் விடுதி ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது.

துயிலக்கா மணப்பாறைக்காரி. திருவெறும்பூர் பக்கம், பாய்லருக்கு உதிரி பாகம் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். வெல்டர்கள் பற்ற வைத்த இடங்களை உற்றுப் பார்த்து, முடி அளவு விரிசல் தெரிந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. பகல், இரவு என்று ஷிஃப்ட் மாறி மாறி வரும். ஐம்பது வயது வெல்டர்கள் எல்லாம் அவள் நடந்து வந்தால் பீடியை மிதித்து அணைப்பார்களாம்.

மூன்றாவது கட்டில் செல்வியுடையது. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், நல்ல பெண், ஆனால் முறுக்கு என்றால் நிதானம் இழந்துவிடுவாள். துயிலக்கா ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு டின் முறுக்கு கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைப்பாள். ஒரு பகலில் அக்கா தூங்கும்போது செல்வி டின்னைத் திறந்தாள். கையை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பினால், இரண்டு கண்ணும் அவளைப் பார்க்கின்றன.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்" என்றாள் செல்வி. கண் நகரவில்லை. "சரி, போன வாரமும் எடுத்தேன்." கண் நகரவில்லை. "உங்க ஷாம்பூவும் நான்தான். மாமிகிட்ட பக்கெட்டை உடைச்சது நீங்கன்னு சொன்னதும் நான்தான்." அடுத்த கட்டிலில் படுத்திருந்த நான் போர்வையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். செல்வி அழத் தொடங்கிய பிறகுதான் அக்கா புரண்டு படுத்தாள்.

பஸ்ஸிலும் இதே தொல்லை. ஒரு நாள் நானும் அவளும் திருவெறும்பூரிலிருந்து வந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பால்பண்ணை ஸ்டாப் வருவதற்குள் தூங்கிவிட்டாள். எதிரே நின்ற மனிதர் முதலில் சட்டையைச் சரிசெய்தார். பிறகு தலையைச் சீவினார். பிறகு என்னிடம் குனிந்து, "தங்கச்சி, நான் கல்யாணம் ஆனவன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றார்.

எங்களுக்கு இதெல்லாம் சிரிப்பு. அவளுக்கு விடிந்தால் வேதனை. இரவெல்லாம் திறந்து கிடந்த கண் காலையில் காய்ந்துபோய், மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். சிவந்து, நீர் வழிந்து, ஒரு மணி நேரம் எதைப் பார்த்தாலும் மங்கலாகத் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனையில் தேறினால்தான் இன்ஸ்பெக்டர் வேலை. தேறாவிட்டால் ஸ்டோர் ரூமில் போல்ட் நட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

"டாக்டர்கிட்ட போங்கக்கா" என்றேன்.

"இது ஜாயின்ட் பிரச்சனைடி. ரெண்டு பாகம் சேர வேண்டிய இடத்துல சேரலை. இதைத்தானே நான் தினம் பாக்குறேன். முதல்ல கேப் எவ்வளவுன்னு தெரியணும்."

மறுநாள் ஒரு ஸ்டீல் ஸ்கேலும், தொழிற்சாலையில் பயன்படுத்தும் இன்ஸ்பெக்ஷன் படிவத்தின் நகல்கள் ஒரு கட்டும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். தான் தூங்கியதும் இமைக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்து எழுத வேண்டுமாம்.

"நான் எதுக்குக்கா? நீங்கதானே இன்ஸ்பெக்டர்?"

"நான் தூங்கிக்கிட்டு இருப்பேன்ல" என்றாள். மறுக்க முடியாத வாதம்.

அப்படியாக, பதினான்கு நாள் ஸ்கேலும் டார்ச்சுமாக அவள் முகத்தின் மேல் குனிந்து நின்றேன். பாகத்தின் பெயர்: கண் இமை. எண்ணிக்கை: இரண்டு. இடது மூன்று மில்லிமீட்டர், வலது இரண்டு. தினமும் காலையில் படிவத்தை வாங்கிப் பார்த்து, அடியில் 'ரிஜெக்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

அளவு தெரிந்ததும் ரிப்பேர் வேலை தொடங்கியது. முதலில் என் ஆபீஸ் செல்லோ டேப். காலையில் அதை உரித்தபோது இடது கண்ணின் இமைமுடியில் பாதி டேப்போடு வந்துவிட்டது. அடுத்து ஈரத்துணி. அது நழுவித் தலையணையை நனைத்து, மூன்று நாள் ஜலதோஷம். விளக்கெண்ணெய் விடச் சொன்னாள் செல்வி. முறுக்கு விவகாரத்துக்குப் பிறகு செல்வி சொல்வது எதையும் அக்கா ஏற்பதில்லை. அந்த விரோதத்தால் கண் பிழைத்தது.

பிறகு சின்னக்கடை வீதியில் ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கி வந்தாள். பெரியவர்கள் அளவு இல்லையாம். குழந்தைகளுடையது, ரோஸ் நிறம், இரண்டு பக்கமும் டால்பின். அதைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தால், காவிரியில் குதிக்கப் போனவள் வழியில் தூங்கிவிட்ட மாதிரி இருக்கும்.

கண்ணாடி ஓரளவு உதவியது. அடுத்த எதிரி மின்விசிறி. காற்று முகத்தில் அடித்தால் கண் இன்னும் காய்கிறது, அணைத்துவிடலாம் என்றாள். அது திருச்சியின் மே மாதம். சுவரைத் தொட்டால் சுடும். "ஃபேனை அணைச்சா நான் மாமிகிட்ட போவேன்" என்றாள் செல்வி. நானும் முதல் தடவையாகச் செல்வி பக்கம் சேர்ந்தேன். அக்கா எங்கள் இருவரையும் பார்த்தாள். எழுந்துபோய்க் குடையை எடுத்து வந்து, விரித்து, கட்டில் தலைமாட்டுக் கம்பியில் சணல் கயிற்றால் கட்டினாள். காற்று எங்களுக்கு, நிழல் அவளுக்கு.

அடுத்த நாள் பகலில் தண்ணீர்க் குழாயைப் பார்க்க மாடிக்கு வந்த மாமி வாசலிலேயே நின்றுவிட்டார். மல்லாந்த சயனம், பாதி திறந்த கண்கள், தலைக்கு மேல் ஆதிசேஷன் மாதிரி விரிந்த கறுப்புக் குடை. மாமியின் கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. அப்புறம்தான் டால்பின் கண்ணில் பட்டது. "அபசாரம், அபசாரம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

சிரிப்பெல்லாம் அந்த வாரத்தோடு முடிந்தது. ஒரு காலையில் கண்ணாடி நழுவிக் கழுத்தில் கிடந்தது. அக்கா இடது கண்ணைத் திறக்க முடியாமல் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் பட்டாலே துடித்தாள். பரிசோதனைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"போயிரும்போலடி கண்ணு" என்றாள். பயந்த குரலில் அவள் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஆட்டோ பிடித்துக் கண்டோன்மென்ட்டில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். ஐம்பது வயது அம்மா. மஞ்சள் நிறச் சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். "கருவிழியோட கீழ்ப் பகுதி காஞ்சு உரிஞ்சிருக்கு. தூங்கும்போது கண்ணு மூடுதா?" என்றார்.

அக்கா பையிலிருந்து பதினான்கு படிவங்களை எடுத்து நீட்டினாள். கடைசித் தாளின் அடியில், செய்து பார்த்த ரிப்பேர்களையும் டேப் முதல் குடை வரை வரிசையாக எழுதியிருந்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். சிரிக்கவில்லை. கடைசித் தாளில் வந்து நிறுத்தி, "எல்லாத்துலயும் ரிஜெக்ட்னு இருக்கே, யார் போட்டது?" என்றார்.

"நான்தான் டாக்டர்."

"இவ்வளவு தகவலோட இங்க யாரும் வந்ததில்லைம்மா. அளவெல்லாம் சரி. மருந்துதான் இல்லை."

முகத்தசை, இமை, தைராய்டு எல்லாம் பார்த்து, வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். புண் ஆற ஒரு மருந்து. பகலில் சொட்டு. கண் ஆறிய பிறகு தினமும் படுக்கும் முன் கண்ணுக்கான கெட்டி ஜெல்லை இமைக்குள் போட வேண்டும், பிறகு மருந்துக்கடையில் விற்கும் காகித டேப்பால் இமையை மென்மையாக மூடி ஒட்ட வேண்டும். முடியைப் பிடுங்கும் டேப் கூடாது. "ஃபேன் காத்து படக்கூடாதுன்னு நீங்க நினைச்சது சரிதான். கண்ணாடியும் தப்பில்லை, கழுவி வெச்சுக்கோங்க. என்னவோ குடைன்னு எழுதியிருக்கே?"

"அது கட்டில்ல கட்டுனது, டாக்டர்."

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்து, "இருக்கட்டும்" என்றார். பரிசோதனையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார்.

ஜெல் போட்ட கையோடு தன் கண்ணைத் தானே ஒட்டிக்கொள்ள முடியாது. முயன்றாள், டேப் மூக்கில் ஒட்டியது. அந்த வேலையும் என்னிடம் வந்தது. தினமும் படுக்கும் முன் அவள் முகத்தை நிமிர்த்திக் கொடுப்பாள். நான் மருந்து போட்டு, இரண்டு இமையையும் மூடி ஒட்டுவேன். "கோணலா இருக்கு, பிரிச்சு ஒட்டு" என்பாள், பார்க்காமலே. ஒட்டியானதும் நெடுநேரம் பேசுவாள். கண் திறந்திருந்தபோது ஒருநாளும் சொல்லாதவை. மாடு விற்று அவளைப் படிக்க வைத்த அப்பா, கல்யாணத்துக்குப் பார்க்க வந்து, கண் விஷயம் தெரிந்ததும் போனை எடுக்காமல் போனவர்கள். நான் ம் கொட்டுவேன்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனை. கடைசி வரியின் பொடி எழுத்தைக் கடகடவென்று படித்துவிட்டு, "இந்த எழுத்துல அடிக்கோடு பிசிறு தட்டியிருக்கு. அட்டையை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். வேலையும் தப்பியது. அடுத்த வருஷமே குஜராத்தில் பெரிய தொழிற்சாலையிலிருந்து இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின இரவு வழக்கம்போல ஒட்டிவிட்டேன். அங்கே யார் ஒட்டுவார்கள் என்று கேட்டேன். "பழகிக்கறேன்டி" என்றாள். லைட்டை அணைக்காமல் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தேன். அவளால் பார்க்க முடியாது என்ற தைரியத்தில், சத்தம் வராமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

டேப் ஒட்டிய முகம் என் பக்கம் திரும்பியது.

"தலகாணிக்கு அடியில கர்சீப் இருக்கு, எடுத்துக்க" என்றாள் துயிலக்கா.