சக்கரத்துக்குத் தண்ணீர் ஆகாது

யார்க்‌ஷயரில் எங்கள் ஊர்ப் பட்டறை தண்ணீரால் ஓடியது. குட்டையின் மதகைத் தூக்கினால் தண்ணீர் பெரிய மரச்சக்கரத்தின்மேல் விழும். சக்கரம் சுற்றும். உள்ளே சாணைக்கல் சுற்றும். அரிவாள் கூராகும். தண்ணீர் ஆற்றுக்குப் போய்விடும். இதில் புரியாதது எதுவும் இல்லை. ஆகவே பட்டறையை அருங்காட்சியகமாக்கி ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள்.

அறக்கட்டளை நிபுணர் குழு அமைத்தது. சக்கரத்தின் முதல் எதிரி தண்ணீர்தான் என்று குழு கண்டறிந்தது. மதகை மூடினார்கள். சக்கரத்துக்கு மேலே தார்ப்பாய்க் கூரை வந்தது. சுற்றுவதற்கு மின்மோட்டார் வந்தது. சலசலவென்று சத்தம் வர ஒலிபெருக்கி வந்தது. பழைய பட்டறை வாசனை வேண்டும் என்று ஏதோ தெளித்தார்கள். லாவெண்டர் மணத்தது.

கண்காணிப்பாளர் மிஸ் பிலிப்பா த்வெய்ட். சேறே பார்க்காத பூட்ஸ் போட்டவர். போய்க் கேட்டேன்.

“தண்ணியில ஓடுற சக்கரத்துக்குத் தண்ணி ஆகாதா, அம்மணி?”

“ஆகாது, மிஸ்டர் ஓல்ட்ராய்ட். பாருங்க, எப்படி உளுத்துக் கிடக்குன்னு.”

“எங்க தாத்தா காலத்துலேருந்து ஓடின சக்கரம்.”

“அதனாலதான் உளுத்துருக்கு.”

வந்துவிட்டேன்.

என் வீடு குட்டைக் கரைக்கு நேர் கீழே. மதகு மூடிக் குட்டை நிரம்பினால் தண்ணீர் போக வேறு இடம் கிடையாது. என் வீடுதான்.

ஆகஸ்ட் மாத வங்கி விடுமுறை வந்தது; இங்கே அது ஊருக்கே விடுமுறை. மழை கொட்டியது. ஆகவே ஊரே உல்லாசமாக வெளியே வந்திருந்தது. காலையில் எழுந்து காலைக் கீழே வைத்தேன். செருப்பு மிதந்து போனது.

நேரே பட்டறைக்குப் போனேன். மிஸ் த்வெய்ட் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். பக்கத்திலேயே மதகின் கைப்பிடி.

“தூக்குங்க அம்மணி. தண்ணி கரை தாண்டிடுச்சு.”

“ஆபத்துக் காலத்துல தூக்கலாம். விதியே இருக்கு.”

“அப்ப தூக்குங்க!”

“ஊழியர்கள் காட்சிப் பொருளைத் தொடக்கூடாது. நாங்க தொட்டா அது சேதம். பார்வையாளர் தொட்டா அது அனுபவம்.”

“உள்ள இருக்கிற பார்வையாளர் யாரையாவது கூப்பிடுங்க.”

“எல்லாரும் டீ குடிக்கிறாங்க.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வரச் சொல்ல முடியுமா?

“நான் வந்து தூக்கறேன்.”

“தாராளமா வாங்க. டிக்கெட் இலவசம். ஜன்னல்ல வாங்கிக்கணும்.”

ஜன்னலுக்கு முன்னால் வரிசை, என் வீட்டுப் பக்கம் இறங்கும் சந்து முழுக்க நீண்டிருந்தது. நடந்துபோய்க் கடைசியில் நின்றேன். நிற்காமல்? நாம் என்ன காட்டுமிராண்டிகளா?

முன்னால் நின்றவர் நாரிஸ் பிக்கர்ஸ்கில். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். என் பேண்டைப் பார்த்தார்.

“நனைஞ்சிருக்கீங்களே.”

“வீட்டுக்குள்ள தண்ணி.”

“அடடா. முன்னாடி போய்ச் சொல்லலாமே.”

“நீங்க வழி விடுவீங்களா?”

“நான் விடுவேன். எனக்கு முன்னாடி நிக்கிற அம்மா என்ன நினைப்பாங்களோ.”

அந்த அம்மா திரும்பினாள். “எனக்கென்ன, தாராளமா போங்க. ஆனா எனக்கு முன்னாடி இருக்கிறவர் ரொம்ப நேரமா நிக்கறாரு, பாவம்.”

அவரும் அதையேதான் சொன்னார். எல்லாருக்கும் சம்மதம். எல்லாருக்கும் முன்னால் இன்னொருவர் இருந்தார். நல்ல மனிதர்கள். மனசு நிறைந்தது. இருந்த இடத்திலேயே நின்றேன்.

என் சாய்வு நாற்காலி என் வீட்டு வாசல் வழியாக மிதந்து வந்தது.

“யாரோடது? நல்ல பச்சை,” என்றார் நாரிஸ்.

“என்னோடது.”

“மெத்தைத் துணி எங்க வாங்கினீங்க?”

சொன்னேன். லீட்ஸ் கடை. வரிசை நகர்ந்தது.

ஜன்னலில் மிஸஸ் எனிட் ஆக்ராய்ட். சம்பளமில்லாத தொண்டு. எல்லாரையும் “கண்ணு” என்பாள். ஒவ்வொரு ஆளிடமும் எந்த ஊர், மழை எப்படி, முழங்கால் வலி எப்படி என்று விசாரித்த பிறகுதான் டிக்கெட் கிழிப்பாள். நல்ல பழக்கம். நேரம் எடுக்கும்.

என் கட்டிலும் வந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கட்டில் சொந்த விஷயம்.

கடைசியில் எனக்கு முன்னால் நாரிஸ் மட்டும். எனிட் அவருடைய முழங்காலுக்கு வந்திருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். சிவப்பு மழைக்கோட்டு. வெளியூர்க்காரி. குட்டையைப் பார்த்தாள். என் வீட்டைப் பார்த்தாள். விறுவிறுவென்று எங்களைத் தாண்டிப் போய் வேலிக்கு மேல் ஒரு காலைப் போட்டாள்.

“இந்தக் கைப்பிடியத் தூக்கினா தண்ணி ஆத்துக்குப் போயிடும்ல?”

“போயிடும்,” என்றேன்.

“அந்த வீடு தப்பிச்சிரும்ல?”

“தப்பிச்சிரும்.”

கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். வரிசை முழுக்க ஒரு இருமல் ஓடியது. எங்கள் ஊரில் அது கெட்ட வார்த்தை. நாரிஸ் வானத்தைப் பார்த்தார். எனிட் முகம் சிவந்தது. மிஸ் த்வெய்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னேன்.

“அம்மணி. நாங்கல்லாம் எதுக்கு நிக்கறோம்? வரிசை அங்க முடியுது.”

அவள் கையை எடுத்தாள். “மன்னிச்சுக்கோங்க, கவனிக்கல,” என்றாள். நல்ல வளர்ப்பு.

“சரியாச் சொன்னீங்க,” என்று நாரிஸ் என் தோளைத் தட்டினார். பின்னாலிருந்து கைதட்டல் வந்தது. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். தொப்பியைத் தொட்டு ஏற்றுக்கொண்டேன்.

வரிசையின் வால் அதற்குள் என் தோட்டத்துக்குள் போயிருந்தது. அவள் இறங்கிப் போய், இடுப்பளவு தண்ணீரில், கடைசி ஆளாக நின்றாள்.

என் வீட்டுக் கூரை சரிகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் இடம் போய்விடும்.